எடைமேடைக்காரன் சாட்சி

போச்சம்பள்ளி ரோட்டு மாங்கூழ் ஆலையில்
ஆலோசகரைத் திட்டாத வாய் இல்லை:
"நம்ம பேச்சை நமக்கே வித்துட்டுப் போனான்."

உண்மைதான்.
மேடை வடக்கே சாயுது,
லாரிக்கு நாற்பது கிலோ கூடக் காட்டுது என்று
ஆறு வருஷமாகக் கத்தியவன் நான்.
முதலாளி டீ வாங்கிவரச் சொல்வார்.

அதையே அவர்
நாற்பத்தெட்டுப் பக்கம், கலர் கட்டம் போட்டு,
ஓசூரிலிருந்து காரில் வந்து சொன்னார்.
மறுநாளே ஜாக்கி வந்தது.

பதினேழாம் பக்கத்து அடியில், பொடி எழுத்தில்:
தகவல் – திரு. மாதப்பன், எடைமேடை.
இந்த ஆலையில்
எனக்கு யாரும் 'திரு' போட்டதில்லை.

கூலியில் பாதிக்குப் பணமில்லையாம்.
பன்னிரண்டு டின் பெங்களூரா.
நான்தான் டிக்கியில் ஏற்றினேன்.

மீசைக்கு ஆசைப்பட்டு வந்த மனுஷன்
கூழோடு போனார்.