ம் கொட்டாத கார்

ஸோஹாரில் ஜூன் மாதம், பகல் ஒன்றரை மணி.
பள்ளி வாசலில் என் தொண்ணூற்றாறாம் வருஷத்து அக்கார்டு
சுற்றுகிறது, பிடிக்கவில்லை.
சுற்றுகிறது, சுற்றுகிறது,
மூக்கு நுனிவரை வந்து
வராமலே போய்விடும் தும்மல் மாதிரி.

பேட்டரி என்றார் வாட்ச்மேன் மொக்லெஸ்.
பேட்டரிதான் என்றார் கெமிஸ்ட்ரி சார்,
தன் காரின் கண்ணாடியை இறக்காமலே,
ஏ.சி.க்குள்ளிருந்து, வெறும் உதட்டசைவில்.
காமிஸ் மட்டும் பிக்கப்பை நிறுத்தி
திஷ்தாஷாவின் கையை மடித்துக்கொண்டு
சிவப்பும் கறுப்புமாய் ஒயர் மாட்டினான்.
முன்னைவிட வேகமாய்ச் சுற்றியது.
அவ்வளவுதான்.
பசித்தவனுக்கு விசிறி வீசினது போல.

மக்ரிப் கழிந்து சனாயாவிலிருந்து ஜர்வலி வந்தான்.
சாவியைத் தொட்டான், பிடித்துக்கொண்டது.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை.
மூன்று நாள் இதே கூத்து.
பகலில் வாயேன் என்றேன்.
பகலில் எனக்கு நாற்பது வண்டி,
எதற்கும் பம்ப்பை மாற்றிவிடுவோம்,
நாற்பத்தைந்து ரியால் என்றான்.

எதற்கும்!

நான் ஃபிசிக்ஸ் லேபில் வோல்ட்மீட்டர்களை எண்ணி அடுக்குகிறவள்.
எதற்கும் என்று ஒரு ஒயரைக்கூடப் பிடுங்கவிட மாட்டேன்.

நாலாம் நாள் ஒரு பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்தேன்.
மெகருன்னிசா சாவியைத் திருப்பினாள்,
யா அல்லா, உன் துப்பட்டா, துப்பட்டா என்று கத்திக்கொண்டே.
பொறி இருந்தது. நல்ல நீலம்.
ஆனால் முனை உலர்ந்து கிடந்தது.
முகர்ந்து பார்த்தேன்,
பெட்ரோல் வாசனை மருந்துக்கும் இல்லை.

அப்போதுதான் பரஞ்சோதி நினைவுக்கு வந்தார்.
கனடா போகும் அவசரத்தில் வண்டியை விற்றவர்
சாவியோடு ஒரு சொல்லும் தந்திருந்தார்:
"திருப்பின உடன ஸ்டார்ட் பண்ணாதேங்கோ.
ஒருக்கா பொறுங்கோ. அது ஓம் எண்டு சொல்லும்."

என் காதுக்கு அது ம்.
பின் சீட்டுக்கடியில், டேங்குக்குள்,
இரண்டே நொடி.
கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த ம்.
தினமும் கேட்டதால் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

சாவியை இரண்டாம் படியில் நிறுத்தி
மூச்சடக்கிக் காத்திருந்தேன்.
கதை சொல்ல ஆள் இருந்தது,
கேட்க ஆளில்லை.

பக்கத்துக் கடையில் உறைந்த பச்சைப்பட்டாணி ஒரு பாக்கெட்.
ஸ்டியரிங்குக்கடியில் தலைகீழாய்ப் புகுந்து
ரிலே பெட்டிமேல் ஒற்றிப் பிடித்துக்கொண்டேன்,
வியர்வை கண்ணுக்குள் இறங்க,
கால்கள் கதவுக்கு வெளியே.
யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.
கால் மணி நேரம்.
மெகரு, இப்போ திருப்பு.

டிக்.
ம்.

பட்டாணி சொன்னது போதும்.
ஒரு போல்ட்டைத் தளர்த்திப் பெட்டியை
லேபுக்கு எடுத்துப்போய் மூடியை நெம்பினேன்.
ஈயப் பொட்டுகள். லென்ஸ் வைத்தேன்.
ஒன்றைச் சுற்றி மட்டும் கறுப்பாய் ஒரு வளையம்,
மயிரிழை அகலம்.
சூட்டில் கையை உதறும்,
இரவில் ஒன்றுமே நடக்காதது போல் கோர்த்துக்கொள்ளும்.
டாஷ்போர்டுக்கடியில் எத்தனை கோடை வெந்ததோ.
எனக்கு இது ஒன்பதாவது.

பிராக்டிகல் பரீட்சைக்கு வைத்திருந்த சோல்டரிங் அயர்ன்.
ஒரு துளி. கொஞ்சம் புகை.
பொட்டு பளபளவென்று உட்கார்ந்தது.

மறுநாள் ஒன்றரை மணி, அதே வெயில்.
சாவியைத் திருப்பினேன்: ம்.
அணைத்தேன். மறுபடி: ம்.
மெகருன்னிசா முறைத்தாள்.
இன்னொரு தடவை, சும்மா: ம்.
பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினேன்.

கேட்டைத் திறந்துவிட்ட மொக்லெஸ்
முகமெல்லாம் சிரிப்பாய்க் குனிந்து கேட்டார்:
"பேட்டரிதானே?"

பட்டாணி, பொறி, வளையம், பரஞ்சோதி
எல்லாவற்றையும் எங்கிருந்து ஆரம்பிப்பது.
பின்னால் ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கிறது.

ம் என்றேன்.