முப்பத்தொரு புள்ளிகள்

மான்டெவிடியோ. நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கடல்போல் நடிக்கிற ஆறு.
என் திரையில் முப்பத்தொரு புள்ளிகள்,
ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கைபேசி.
நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே
ட்ரான்கேராஸ் பள்ளியில்
செவ்வாய்க்கிழமை, கணக்கு வகுப்பு.

கேள்வி போனதும் சாம்பல்.
விரல் பட்டதும் மஞ்சள்.
விடை வந்ததும் பச்சை.
நான் எழுதிய நிரல்தான்.
முகம் பார்க்காமல் ஒரு வகுப்பைப் பார்க்க
இதைவிடச் சுருக்கு வழி
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பதினேழாம் புள்ளி மட்டும் பிடிவாதம்.
மற்றவை பச்சையாகி ஓய்ந்த பின்னும்
மஞ்சளிலேயே நிற்கும்.
ஆ என்று தொடும், இ என்று மாற்றும்,
மறுபடி ஆ.
இருபது நொடி தீர ஒரு நொடி இருக்கையில்
எதையோ அழுத்திவிட்டு மூச்சு விடும்.
புள்ளிக்கு ஏது மூச்சு,
விட்டது நான்தான்.

என் அறிக்கை சொன்னது:
ஈடுபாடு குறைவு, தயக்கம் அதிகம்.
திரையோரம் ஒரு சிவப்புத் துடிப்பு வைக்கலாம்,
டிக் டிக் ஓசை வைக்கலாம்,
முந்துகிறவருக்கு மூன்று நட்சத்திரம்.
மேலாளர் ஃபாபியானாவுக்குப் பிடித்துவிட்டது.
"எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வா."

இரவுப் பேருந்து.
விடிந்தால் செம்மண்,
சாலையோரம் முதல் அறுவடைத் தர்பூசணிகள்,
பள்ளி மூட இன்னும் இரண்டு வாரம்.
கடைசி பெஞ்சுக்குப் பின்னால்
எனக்கொரு குட்டி நாற்காலி போட்டார்கள்,
முழங்கால் மோவாயைத் தொட்டது.

கேள்வி வந்தது:
நூறு கிலோ தர்பூசணி.
நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்.
வெயிலில் வாடி, இப்போது
தொண்ணூற்றெட்டு பங்குதான் தண்ணீர்.
எடை என்ன?

டப் டப்பென்று விரல்கள்.
முன் பெஞ்சு முடித்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே நாயைப் பார்த்தது.

என் கண்ணெதிரே பதினேழு:
விரிசல் விட்ட ஒரே கைபேசி,
அதன்மேல் முட்டிக்கொள்ளும் இரண்டு தலைகள்.

"ஒரு பங்கு தண்ணி போச்சு. தொண்ணூற்றொன்பது. அழுத்தறேன்."
"தண்ணிய விடு. சதை எத்தனை கிலோ?"
"ஒண்ணு."
"வாடினா அது குறையுமா?"
"குறையாது."
"அப்போ நூத்துல ஒண்ணா இருந்தது
இப்போ நூத்துல ரெண்டு."
யாமண்டு வாயைத் திறந்தான். மூடவில்லை.
நான்கு நொடி. மூன்று.
மிலாக்ரோஸ் அவன் கட்டைவிரலைப் பிடித்து
ஐம்பதின்மேல் வைத்தாள்.

சுவரில் விழுந்த வரைபடத்தில்
முப்பது பேர் கம்பமாய் எழுந்தார்கள்,
ஓரத்தில் எறும்பளவு ஒன்று.
வகுப்பு சிரித்தது.
பிறகு யாரோ சொன்னார்கள் "இரு, இரு",
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்,
பாதிப் பேர் ஸ்பானிய மொழியில்,
பாதிப் பேர் எல்லை தாண்டி வந்த கலப்பில்.
அந்த இரைச்சலை
என் நிரலில் எங்கேயும் அளக்கவில்லை.

தலைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு.
மிலாக்ரோஸின் கைபேசி தினமும்
அண்ணனோடு லாரியில் போய்விடுகிறது.
மார்ச்சிலிருந்து அவள் யோசித்ததெல்லாம்
யாமண்டுவின் தயக்கம் என்று
என்னிடம் பதிவாகியிருக்கிறது.

திரும்பி வந்து சிவப்புத் துடிப்பை நீக்கினேன்.
இருபது நொடியைத் தொண்ணூறாக்கினேன்.
பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில்
ஒரு கூட்டல் குறி.
வேலை என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம்.

அடுத்த செவ்வாய்.
யாமண்டு + மிலாக்ரோஸ்.
கொஞ்சம் பொறுத்து, ரோசியோ + எல்பியோ.
அப்புறம் எல்லா மஞ்சளும் நகராமல் நின்றன.
ரமோனா + ஹெபர் + நாய்.
மொத்தம் பதினான்கு புள்ளிகள்.

ஃபாபியானா அறிக்கையைத் தட்டினாள்:
"பாதிக்குமேல் போய்விட்டார்களே?"
தர்பூசணிக் கணக்கை அவளிடம் கேட்டேன்.
உடனே சொன்னாள்,
தொண்ணூற்றொன்பது.