பெயர் எழுதித் தரப்படும்

பங்குனியில் நாலு ஓடர் நின்றது.
சித்திரையில் ஒன்றும் வரவில்லை.
சாமத்தியவீட்டுக்கு மூன்று தட்டுச் சொன்ன
கோண்டாவில் ஆக்கள்
"இப்ப தண்ணி வாக்கிறதோட விடுறம்,
மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று
முற்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
ஐசிங் சீனி வாங்கிவிட்டேன் என்று சொல்ல
வாய் வரவில்லை. கொடுத்தேன்.

மாஜரின் விலையை நான் இப்போது கேட்பதில்லை.
கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பேன்.

கொழும்பில் மாக்கற்றிங் படிக்கிற மச்சாளின் மகன் சொன்னான்:
"அன்ரி, சனம் செலவைக் குறைக்கேக்க
நாங்கள் விளம்பரத்தைக் கூட்ட வேணும்."
சரி தம்பி, என்றேன்.
அச்சகத்தில் ஐந்நூறு நோட்டீசுக்குக் கேட்டேன்.
தாள் இல்லை என்றுவிட்டு
இருந்தால் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள்.
அந்தக் காசுக்கு அறுபது முட்டை வரும்.
முட்டையை வாங்கினேன்.

போன வருடக் கலண்டரைக் கிழித்துப்
பின்பக்கத்தில் மாக்கரால் எழுதினேன்:
றூபி கேக். வீட்டுச் செய்கை. அரைக் கிலோவும் உண்டு.
பரமேஸ்வராச் சந்தி லைற் போஸ்ற்றில் ஆடி மாதம்.
வாசிகசாலை மதிலில் கார்த்திகை.
காற்றுத் திருப்பினால் றூபி கேக் மறைந்து
அட்டமி நவமி தெரியும்.

பெற்றோல் செட்டில் தொடங்கின வரிசை
எங்கள் ஒழுங்கை வாசலுக்கு வந்த அன்றுதான்
எனக்கு விளங்கியது.
வாங்க வராத சனம்
என் படலையடியில் இரண்டு நாளாக நிற்கிறது,
வேறெங்கும் போக ஏலாமல்.

ஒரு கிலோவைத் துண்டு துண்டாக வெட்டி
தட்டத்தில் அடுக்கி, லஞ்ச் சீற்றால் மூடி
வரிசையோடு நடந்தேன்.
"வீட்டில ஆருக்கும் பிறந்தநாள் வருதோ?"
"உதுக்குள்ள கேக்கோ!" ஓட்டோக்காரர் சிரித்தார்.
வெட்கம்
ஏழாவது மோட்டார்சைக்கிள் மட்டும் இருந்தது.

எட்டாவதில் அருள்நேசன். நீர்வேலி. மேசன்.
சீமெந்து இல்லை, அதனால் வேலையும் இல்லை.
நாளைக்கு மகளுக்கு நாலு வயது.
கேக் என்ன விலை என்று அவர் கேட்கவில்லை.
"துண்டு என்ன விலை?"
நூற்றைம்பது.
"துண்டில பேர் எழுதலாமோ?"

பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.
துண்டு மூன்று விரல் அகலம்.
பிள்ளையின் பெயர் கிருத்திகாயினி.
எண்சாத்திரம் பார்த்து வைத்தவர்கள்
கேக் துண்டை நினைத்து வைக்கவில்லை.
"கூப்பிடுற பேர்?"
"பபா."
எழுதினேன். கடைசி அரவு மட்டும்
விளிம்பால் வழிந்தது.
மெழுகுதிரி ஒன்று சும்மா கொடுத்தேன்.
மெழுகுதிரியும் அப்போது
சும்மா கொடுக்கிற சாமான் இல்லை.

அன்றிரவு மிச்ச மாதங்களில் எழுதினேன்:
கேக் துண்டு 150. பெயர் எழுதித் தரப்படும்.
கூப்பிடுகிற பெயர் நல்லம்.

அடுத்தநாள் போனுக்கு ஒரு படம் வந்தது.
ஏழு மணிக் கறண்ட் கட் இருட்டு.
ஒரு துண்டு, ஒரு திரி,
பிள்ளையின் கன்னத்தில் பாதி.
கீழே எழுதியிருந்தார்:
"ஊத விடேல்லை அக்கா. வீட்டில அந்த வெளிச்சம்தான்."

"அன்ரி, இதுதான் விளம்பரம்! உடன போடுங்கோ"
என்றான் மச்சாளின் மகன்.
தொண்டைக்குள் ஏதோ நின்றது.
அருள்நேசனைக் கேட்டேன்.
"போடுங்கோ அக்கா.
அந்தக் கானை மட்டும் வெட்டி விடுங்கோ."

பிறகுதான் கண்டேன்.
மண்ணெண்ணெய்க்குக் கொண்டுபோகிற மஞ்சள் கான்,
படுக்க வைத்து, மேலே துவாய் விரித்து,
அதற்கு மேலேதான் கேக்.
விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
கானை வெட்டினால் கேக் போகும்,
கேக்கோடு திரி போகும்,
பிறகு அந்த முகம் எப்படித் தெரியும்?
போடவில்லை.

அந்தக் கிழமை பதினொரு துண்டு போனது.
இரண்டு கடன்.
கடைசித் துண்டுக்கு வந்தவரிடம்
ஐசிங் கோனைக் கையில் எடுத்துக்கொண்டு
"என்ன பேர்?" என்றேன்.
அவர் தட்டத்தையே பார்த்தபடி
"பேர் வேண்டாம் தங்கச்சி, காலமை சாப்பிடேல்லை.
பேர் இல்லாட்டி விலை குறையுமோ?" என்றார்.