முள்

செவேரோ கயிசாயா எங்கள் சுரங்க வானொலியில்
முதன்முதலாகப் பேச வந்த அன்று
ஒலிவாங்கியை ஊதிப் பார்த்தார்,
கிழங்கு சூப்பை ஆற்றுவதுபோல.
ஊதாதீர்கள் தோழர், முள் சிவப்புக்குப் போகிறது என்றேன்.
போகட்டும், எல்லாமே சிவப்புக்குத்தான் போகப்போகிறது என்றார்.
எனக்கு வயது பத்தொன்பது. சிரித்தேன்.

ராணுவ லாரிகள் மலையேறி வந்த இரவு
கதவுக்கு முட்டுக்கொடுத்த மேசைமேல் உட்கார்ந்து
இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்:
நெஞ்சில் கல்தூசி கட்டிப் போனவர்கள்,
கூண்டு அறுந்து போனவர்கள்,
என் அப்பா.
எலெயுத்தேரியோ என்பதை
எமெத்தேரியோ என்று சொன்னார்.
திருத்தவில்லை நான். அந்தக் குரலில்
எந்தப் பெயரும் சரியாகவே இருந்தது.

சிறை. பிறகு நாடுகடத்தல்.
ஸ்வீடனிலிருந்து ஒரே ஒரு தபாலட்டை:
'இங்கே ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வருகின்றன.'
சங்கேதம் என்று நினைத்து
ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்
நாங்கள் ஆறு பேர்.

ஒன்பது வருஷம் கழித்து
அமைச்சராக, கழுத்துப்பட்டையோடு,
அதே வானொலியில் அதே குரல்.
தலைநகரிலிருந்து வந்த ஒலியை
நான்தான் வாங்கி அனுப்பினேன்.
நஷ்டம் என்றார். உலகச் சந்தை என்றார்.
மூடுகிறோம் என்றார்.
முள் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொடவில்லை.

விலைபோய்விட்டான் என்றார்கள்.
அடித்து மாற்றிவிட்டார்கள் என்றார்கள்.
கணக்கு சரிதானே என்று
மெதுவாகச் சொன்ன ஒருவனைத்
தண்ணீர்க்குழாயடியில் உதைத்தார்கள். அவன் என் தம்பி.
என் சங்க அட்டையிலும் நஷ்டஈட்டுக் காசோலையிலும்
ஒரே கையெழுத்து,
கடைசியில் அதே நீண்ட வால்.
காசோலையை மாற்றித்தானே எல் ஆல்ட்டோவில்
இந்த ரேடியோ ரிப்பேர்க் கடையைப் போட்டேன்.

போன ஜூலையில் வந்தார். தனியாக, மெலிந்து,
கைக்குட்டையில் சுற்றிய பழைய செட்டோடு.
கரகரக்கிறது என்றார்.
ஒரு கம்பி விட்டிருந்தது, பற்றவைத்தேன்.
ஈயப்புகை எழுந்தபோது
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
எலெயுத்தேரியோ.
அன்றைக்கே காலையில் தெரிந்துவிட்டது.

முழுக் கூலியும் வாங்கினேன்.
ரசீது கேட்டார்.
அவர் பெயரில் வேண்டுமென்றே
ஓர் எழுத்தை மாற்றி எழுதினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நிதானமாக வாசித்தார். நான்காக மடித்து
உள்பையில் வைத்துக்கொண்டார்.