இரண்டு தலைச் சவுக்கு

நாவலடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பவும்
மழை விட்டது.
ஜவ்பர் காக்காவின் தோட்டத்தில்
கச்சான் பாத்திகளுக்கு அப்பால்
சவுக்குகள் ஈரத்தோடு நின்றன.
கொங்கிறீற்றுக்கு முட்டுக்கொடுக்க வளர்ப்பவை.
மார்கழியில் மட்டும்
கடைசி வரிசைக்கு வேறு விலை.

போன நத்தாருக்குப் பெட்டியில் வந்த மரம்.
எர்மா அதைக் குடைபோல் விரித்தாள்,
குடைபோல் மடக்கினாள்.
பிறகு எலி குடியேறிற்று.
"உண்மையான மரம் வேணும்" என்று
நோலீன் ஐப்பசியிலேயே தொடங்கிவிட்டாள்.

நான் வெல்டிங் வேலைக்காரன்,
அளக்காமல் ஒன்றும் வாங்குவதில்லை.
முன்னறை எட்டடி இரண்டங்குலம்.
மண் வாளிக்கு ஓரடி கழி,
நட்சத்திரத்துக்கு ஒன்பதங்குலம் கழி.
ஆறடி ஐந்தங்குலம்,
அதற்கு மேல் ஒரு நூல் கூடக் கூடாது
என்று நான் சொல்லி முடித்தபோது
பக்கத்தில் ஒருவருமில்லை.

எர்மாவுக்கு அடிப்பக்கம் அகலமாக வேணும்.
யூஜினுக்குக் காகம் இருந்த மரம்தான் வேணும்,
காகத்தோடு.
நோலீன் ஒவ்வொரு கொப்பாய் உலுப்பி
தலையில் மிச்ச மழையை வாங்கிக்கொண்டு
அடுத்ததுக்குப் போனாள்.

திரும்பி வந்து
ஒரு சவுக்கிலையை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.
"எந்தக் கணுவில கழட்டிப் பூட்டினன்?
சொல்லுங்க பாப்பம்."
நூல் மாதிரி இலை, இருபது முப்பது கணு.
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்,
போட்டுப் பார்த்தேன்.
பதினெட்டு வருசமாய் ஊர்க் கேற்றெல்லாம் ஒட்டுகிறேன்,
என் ஒட்டுகளை
தெருவில் நின்றே எண்ணலாம்.
இதில் ஒன்றும் தெரியவில்லை.
சும்மா ஒரு கணுவைத் தொட்டேன்.
"பிழை" என்று சிரித்தாள்.

அவள் பிடித்த மரம் ஏழடி.
நெஞ்சுயரம்வரை ஒழுங்கு,
பிறகு என்ன நினைத்ததோ
இரண்டு தலையாய்ப் பிரிந்திருந்தது.

"இது சரிவராது பிள்ள" என்றேன்.
"அடிய வெட்டுங்க, உயரம் சரிவரும்."
"நட்சத்திரத்த எந்தத் தலையில கொழுவுற?"
ஜவ்பர் காக்கா கத்தியைத் துடைத்தபடி,
"தம்பி, ரெண்டு தல மரத்த
கொந்தராத்துக்காரன் எடுக்க மாட்டான்,
முன்னூறு குறைச்சித் தாங்க" என்றார்.
அதோடு வழக்கு முடிந்தது.

ஓட்டோவில் அடி பின்னுக்கு நீட்டி நின்றது,
தலைகள் இரண்டும் என் தோளுக்கு இருபுறமும்.
எர்மாவையும் பிள்ளைகளையும்
கொப்புகளுக்குள் தேடத்தான் வேணும்.
கிரான் தாண்டும்போது யூஜின் கத்தினான்.
பிறகு எர்மா.
பிறகு என் கழுத்து.
முசுறு!

தெருவோரம் நிறுத்தி
குடும்பமே குதித்தோம், உதறினோம்.
கல்முனை பஸ் மெதுவாகி
யன்னல் யன்னலாய்ப் பார்த்துப் போயிற்று.
நோலீன் மட்டும் மரத்தைத் தட்டித் தட்டி,
"இறங்குங்க, உங்கட ஊர் தாண்டிட்டு" என்று
அதுகளோடு கதைத்தாள்.

இரவு ஒன்பது மணி.
பட்டறையில் ஆறு மில்லிக் கம்பி,
ஐந்து முனை, இரண்டாம் நட்சத்திரம்.
கறன்ற் ஒருதரம் போய் வந்தது.
ஒட்டை அராவினேன்,
திரும்பவும் அராவினேன்,
விரலுக்குத் தெரிகிறது.

"உயரத்தில வைச்சா ஆர் பாக்கிற?" என்றாள் எர்மா,
கழுத்துக்குச் சித்தாலேப பூசியபடி.
உள்ளே பாலன் குடிலில்
வைக்கோல் மேலே, ஆட்டின் முதுகு மேலே,
தப்பி வந்த ஒரு முசுறு
ஏறிக்கொண்டிருந்தது.

நோலீன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
சூடு ஆறட்டும் என்றேன்.
கையை நீட்டினாள்.