ஒழுங்கீனம்

மூன்றாம் இலக்க நீதிமன்றத்தில்
மின்விசிறிக்கு நேர்கீழே என் கதிரை.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் கொடுக்க வேண்டும்,
தமிழில் வருவதைச் சிங்களத்தில்.
கூட்டவோ குறைக்கவோ கூடாது.

முதலில் ஒரு பின்லாந்துப் பொடியன்.
காலிமுகத்திடலில் உடுப்பில்லாமல்
கடலுக்கு சல்யூட் அடித்தவன்.
தன் ஊரில் இதற்கு
விடியும்வரை ஒரு கட்டில் தருவார்களாம்.
ஆங்கிலத்துக்காரர் மொழிபெயர்த்தார்.
எச்சரித்து அனுப்பினார்கள்.

அடுத்தது வேதமுத்து, ஐம்பத்தெட்டு, கொட்டாஞ்சேனை.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
போயா இரவு, ஒன்றே முக்கால் மணி,
புறக்கோட்டை பஸ் நிலையம்.
மதுபோதையில், பொது இடத்தில், ஒழுங்கீனமாக.
வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்திறங்கிய வாசகம்.
திரும்பிப் போகையில் அவன் மட்டும் ஏறினான்.

கொன்ஸ்தாபல் ஹேவாவசம் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார்:
சாராய மணம். சிவந்த கண். உரத்த குரலில் தமிழ்த் தூஷணம்.
"உமக்குத் தமிழ் தெரியுமா?"
"தெரியாது ஐயா.
ஆனால் கேட்க அப்படித்தான் இருந்தது."

வேதமுத்து கூண்டுக் கம்பியை
ஒற்றைக் கையால் பிடித்திருந்தார்,
மிதிபலகையில் தொங்குகிறவர் மாதிரி.
"குடிச்சது உண்மை.
போயாவுக்கு முதல்நாளே வாங்கி வச்சது.
ஒழுங்கீனம் மட்டும் இல்ல ஐயா.
ஒழுங்காத்தான் சொன்னேன்."

சொல்லிக் காட்டச் சொன்னார்கள்.

கோட்டை கோட்டை கோட்டை,
காலிமுகம், கொள்ளுப்பிட்டி,
பம்பலப்பிட்டி, இறங்குறவங்க முன்னுக்கு வாங்க,
தெஹிவளை, கல்கிசை, ரத்மலானை,
மொரட்டுவை, பாணந்துறை, எல்லாரும் இறங்குங்க.

மன்று சிரித்தது. கொன்ஸ்தாபலும்.
ஊர்ப் பெயர்களுக்கு என்ன மொழிபெயர்ப்பு?
"இறங்குங்க" என்பதை மட்டும் சிங்களத்தில் சொன்னேன்.

பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் நடுவில்
இருபத்திரண்டு வருடமாக
நான் இறங்குகிற தரிப்பிடம் இருக்கிறது.
அவர் அதைச் சொல்லவில்லை.
அந்த இடத்தில் ஒரு மூச்சு இழுத்தார், அவ்வளவுதான்.
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை, அது என் வேலை இல்லை.
விட்டதை விட்டபடியே கொடுத்தேன்.

தண்டப்பணம் ஆயிரத்து ஐந்நூறு.
மடித்து மடித்து வைத்திருந்த நோட்டுகளை
எண்ணிக் கொடுத்தார்.
மிச்சம் வாங்க ஒரு பழக்கத்தில்
சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்.

பின்னேரம் நூறாம் இலக்க பஸ்ஸில் சரியான சனம்.
காதில் எதையோ செருகிய நடத்துனர்ப் பொடியன்
வெள்ளவத்தை, வெள்ளவத்தை என்று
கதவில் இரண்டு தரம் அடித்தான்.
எனக்குத் தெரியும், எழும்ப வேண்டும்.

தெஹிவளையில் இறங்கி
வாய்க்கால் பாலத்தால் திரும்பி நடந்தேன்.