அசையாத பறவை

நேற்று கோணேசர் மலைக்கு மேல்
வானத்தின் இடது மூலையில் ஒரு பறவை.
அகிலேசன் சந்தோஷப்பட்டார். நல்ல சகுனமாம்.
கமராவைக் கடற்பக்கம் திருப்பினோம், அங்கும் அது.
கோட்டைக்குள் மேய்ந்த மானின்
வெள்ளை வயிற்றிலும் அது.
அதே மூலை, அதே அளவு,
ஒரு சிறகடிப்புக் கூட இல்லை.

இரவு லொட்ஜ் அறையின் வெள்ளைச் சுவரைப் படமெடுத்தேன்,
துளையை இருபத்திரண்டுக்கு ஒடுக்கி.
சுவரிலும் பறந்தது.
மணல். ஒரே ஒரு பருக்கை.
மத்தியானம், காற்றுக்கு முகம் கொடுத்து நின்று
லென்ஸ் மாற்றியவள் நான்.
ரப்பர்ப் பந்தால் ஊதி எடுத்தேன்
(வாயால் அல்ல, வாயில் கடல் இருக்கிறது).
ஒருவருக்கும் சொல்லவில்லை.
டெல்சியாவுக்குத் தெரியும். மூடியைக் கழற்றித் தந்தவள் அவள்.

இன்று உப்புவெளி. ஐந்து நாற்பது.
ஆடிக் கச்சான்
தரையைச் சுரண்டிச் சுரண்டிக் கடலில் கொட்டுகிறது.
"முப்பத்தைந்தைக் கழட்டு, எண்பத்தைந்தைப் போடு,
கெதியா, சூரியன் வரப்போகுது."
"இஞ்ச மாத்த மாட்டன்."
முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.
நானும்தான், சொன்னது யாரென்று.

மீன் லொறிக்காரர் பின்கதவைத் திறந்து காட்டுகிறார்,
காற்றே இல்லை தங்கச்சி, உள்ளுக்கு ஐஸ் மட்டும்தான்.
வேண்டாம் அண்ணை,
குளிரில் இருந்த கண்ணாடி வெளியே வந்தால் வியர்க்கும்.

ஹில்மியின் ஓட்டோ.
ஈரத் துவாயால் தரை துடைத்து
ரெக்சின் திரைகளை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி
வெளியே நின்று சொல்கிறார்:
"என்ட வண்டிக்குள்ள பிள்ளையே பொறந்திருக்கு,
அதுக்கும் இந்தளவு மறைப்புக் கட்டல்ல."

கமராவை அணைத்தாயிற்று.
மேட் பொக்ஸ், போகஸ் மோட்டர் விலக்கியாயிற்று.
மடியில் துணி, துணியில் கமரா,
வாய் நிலத்தைப் பார்க்க.
தூசுக்கு ஏறத் தெரியாது, விழத்தான் தெரியும்.
புதிய லென்ஸின் பின்மூடி தளர்ந்து, ஆனால் இன்னும் மூடியபடி
டெல்சியாவின் இடது கையில்.

வளையத்தைத் திருப்புகிறேன்.
முப்பத்தைந்து என் உள்ளங்கைக்குள் இறங்குகிறது.
"பிடிச்சியா?"
"பிடிச்சிட்டன்."
அந்தச் சொல் வரும் வரைக்கும் விரல் விடாது.
அதைச் சொல்லாமல் எதையும் வாங்காதவள் டெல்சியா,
தேத்தண்ணிக் கோப்பையைக் கூட.

இப்போது திறந்திருக்கிறது.
முத்திரையை விடக் கொஞ்சம் பெரிய பச்சை இருட்டு.
இந்தப் படத்தின் எல்லா முகமும்
எல்லா அலையும் இதில்தான் விழவேண்டும்.
மூச்சை நிறுத்தியிருக்கிறோம், இரண்டு பேரும்.
திரை படபடக்கிறது.
வெளியே அகிலேசன் என் பெயரைக் கத்துகிறார்,
தவறான உச்சரிப்பில்.

நான்கு காது, ஒன்றில் பள்ளம்,
பள்ளத்துக்கு ஆணி.
அழுத்தக் கூடாது. தானாக உட்காரும்.
உட்கார்ந்தது.
வளையம் இறுகியது.
மெதுவாக ஆட்டிப் பார்க்கிறேன்: அசைவில்லை.
நாற்பது செக்கன்.
போக வர ஆறு நிமிடம்.

சூரியன் கடலை விட்டு ஒரு சாண் ஏறிவிட்டது.
அகிலேசன் என்னைப் பார்க்கவில்லை.
"அக்சன்" என்றார், கடன் கேட்பவர் மாதிரி.
பெண் நடந்தாள், வள்ளங்களுக்கு நடுவே,
வலையை எட்டிக் கடந்து.
அப்போது
இடது மூலையில்
ஒரு கறுப்பு.

டெல்சியாவின் நகம் என் முழங்கையில்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
செட்டையைச் சாய்த்தது.
சட்டத்தின் விளிம்பைத் தாண்டி
புறாத்தீவுப் பக்கம் போயிற்று.

கட் சொன்னபின் அகிலேசன் திரும்பினார்,
கோபம் பாதி இறங்கிய முகம்:
"பார்த்தியா, நேற்றைய பறவை திரும்பவும் வந்திட்டுது."

"இல்லை," என்றேன்,
"இது வேற."